ஃபைலை நகர்த்தும்போது ‘எம்வி’ ஏன் ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை?

திருக்கடையூரில் என் தாத்தா - பாட்டிக்கு எண்பதாம் கல்யாணம் நடந்தது. ஸ்டுடியோக்காரர் எடுத்த ஆல்பம் அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் எல்லோரும் கேட்பது சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைத்தான். மாலையும் கழுத்துமாகப் பாட்டி கொட்டாவி விடுகிற படம், பந்தியில் தாத்தா யாருக்கும் தெரியாமல் இரண்டாவது லட்டை எடுக்கிற படம், இந்த மாதிரி.

அம்மாவின் போனில் 214 படங்கள். சித்தப்பாவின் போனில் 187. இரண்டு போனுமே ‘இடம் இல்லை’ என்று நாளுக்கு நான்கு முறை சொல்லிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் ‘அம்மா’, ‘சித்தப்பா’ என இரண்டு ஃபோல்டர்களில் இறக்கிவிட்டு, போன்களில் இருந்ததை அழித்தேன். பிறகு இரண்டையும் ‘கல்யாணம்’ என்று ஒரே ஃபோல்டரில் சேர்த்துவிடலாமே என்று டெர்மினலைத் திறந்து இரண்டு வரி அடித்தேன். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. எச்சரிக்கை இல்லை, கேள்வி இல்லை. எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

சில மாதம் கழித்து, “அந்த லட்டு படத்தை அனுப்புடி” என்று சித்தி கேட்டபோதுதான் ஃபோல்டரைத் திறந்தேன். லட்டு படம் இல்லை. எண்ணிப் பார்த்தேன். 401 இருக்க வேண்டிய இடத்தில் 231. மீதி 170 படங்கள் போச்சு.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு ராத்திரி ஆனது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் தான் சேமிக்கும் படத்துக்குத் தானே ஒரு பெயர் வைக்கும். முதலில் ‘ஐஎம்ஜி’, அடுத்து அன்றைய தேதி, கடைசியில் ‘டபிள்யூஏ’ என்ற எழுத்துகளோடு நான்கு இலக்க எண். அந்த எண் ஒவ்வொரு போனிலும் தனித்தனியாக ஓடுகிறது. அம்மாவின் போனில் அன்றைக்கு 12-ம் எண் பெற்ற படமும், சித்தப்பாவின் போனில் 12-ம் எண் பெற்ற படமும் வேறு வேறு. ஆனால் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. முதல் வரியில் அம்மாவின் படங்கள் ‘கல்யாணம்’ ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்தன. இரண்டாவது வரியில் சித்தப்பாவின் படங்கள் வந்து, அதே பெயரில் இருந்தவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டன. கீழே இருந்தவை கதம்.

தவறு என்னுடையது. மறுக்கவில்லை. ஆனால் ஷெல்லை நாம் கற்றுக்கொள்ளும் விதத்திலும், அது நம் கையில் வந்து சேரும் விதத்திலும் பெரிய குறை இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். வேகத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

இரண்டு எழுத்து வந்த கதை

‘மூவ்’ என்ற ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்துகளைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது எம், வி. இந்த இரண்டு சிறிய எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு எந்த ஃபைல் என்று சொல்லி, இன்னோர் இடைவெளி விட்டு எங்கே என்று சொன்னால் போதும். ஃபைல் நகர்ந்துவிடும். லினக்ஸ், மேக் இரண்டிலும் இதேதான். பெயர் மாற்றுவதற்கும் இதே கமாண்ட். ஏனென்றால் அந்த உலகத்தில் நகர்த்துவதும் பெயர் மாற்றுவதும் ஒரே வேலை.

அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ‘எம்வி’ அதிலேயே இருக்கிறது. அன்றைக்குப் பல கணினிகளுக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்ற, தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்றில் அடிக்க வேண்டும். பதிலும் காகிதத்தில் அச்சாகி வரும். அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 33-ம் மாடல் டெலிடைப்பின் வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. அப்படிப்பட்ட இயந்திரத்தில் ‘உங்கள் ஃபைல் வெற்றிகரமாக நகர்த்தப்பட்டது’ என்று ஒவ்வொரு முறையும் அச்சடித்துக்கொண்டிருந்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்? கமாண்ட் பெயர்கள் இரண்டு எழுத்தில் நின்றதற்கும், வேலை சரியாக முடிந்தால் வாயே திறக்காத வழக்கத்துக்கும் இந்தச் சூழல் நன்றாகப் பொருந்திப்போனது.

டெலிடைப் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மௌனம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பட்டா மாறுதலா, லாரியில் ஏற்றுவதா?

நான் அடித்த இரண்டு வரி ஏன் கண் இமைப்பதற்குள் முடிந்தது? நானூறு படங்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கு நேரமாக வேண்டாமா? இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே டிஸ்க்கின் ஒரே பகுதிக்குள் ஒரு ஃபைலை நகர்த்தும்போது ஃபைல் உண்மையில் இம்மியும் அசைவதில்லை. டிஸ்க்கில் அதன் உள்ளடக்கம் ஓரிடத்தில் கிடக்கும். ஃபோல்டர் என்பது வெறும் பதிவேடு: இந்தப் பெயர், இந்த எண்ணுள்ள ஃபைலைக் குறிக்கிறது என்று ஒரு வரி. ‘எம்வி’ செய்வது பட்டா மாறுதல் மாதிரி. நிலம் அங்கேயே கிடக்கிறது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில்தான் வரி மாறுகிறது. அதனால்தான் 100 ஜிபி வீடியோ ஃபோல்டரைக்கூட ஒரு நொடியில் ‘நகர்த்த’ முடிகிறது.

இந்த உதாரணத்தை இன்னும் ஓரடி எடுத்துப்போனால் என் 170 படங்களுக்கு என்ன ஆனது என்பதும் தெரியும். புதிய வரி எழுத வேண்டிய இடத்தில் ஏற்கெனவே அதே பெயரில் ஒருவர் இருந்தால், அவருக்கு நோட்டீஸ்கூட விடாமல் அந்த வரியை அடித்துவிட்டுப் புதியவரை எழுதிவிடுகிறார் தாசில்தார். பழைய ஃபைலின் உள்ளடக்கம் உடனே அழியாது; ஆனால் அது கிடந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்பட்டுவிடும். அடுத்து எது வந்தாலும் அங்கே எழுதப்படலாம். ரீசைக்கிள் பின் எதுவும் நடுவில் கிடையாது. ஃபோட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருள்கள் இருக்கின்றன. ஹார்டு டிஸ்க்காக இருந்து, உடனே ஓடிப் போய்ப் பார்த்தால் ஏதாவது கிடைக்கலாம். எஸ்எஸ்டி என்றால், காலியான இடத்தை அதுவே துடைத்து வைத்துக்கொள்ளும் என்பதால் வாய்ப்பு ரொம்பக் குறைவு. நான் மாதங்கள் கழித்து, எஸ்எஸ்டியில் தேடினேன். என்ன கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கன்ட்ரோல் - இசட் அழுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு: ஷெல்லில் அது ‘முந்தைய நிலைக்குத் திரும்பு’ அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திப் பின்னால் வைக்கிற சாவி. பதற்றத்தில் அதைப் போட்டு மேலும் குழம்பியவர்களில் நானும் ஒருத்தி.

லேப்டாப்பிலிருந்து பென் டிரைவுக்கு நகர்த்தும்போது கதையே வேறு. அது வேறு டிஸ்க், வேறு பதிவேடு. வரியை மட்டும் மாற்றி எழுத முடியாது. அதனால் ‘எம்வி’ முதலில் முழு ஃபைலையும் அங்கே நகலெடுக்கிறது, பிறகு இங்கே இருப்பதை அழிக்கிறது. வீட்டைக் காலி செய்து லாரியில் ஏற்றுவதுபோல. இங்கேதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான பொறி இருக்கிறது. பென் டிரைவ் மெதுவானது என்பதால், லினக்ஸ் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் ரேமில் வைத்துக்கொண்டு, பின்னணியில் மெதுவாக எழுதும். கமாண்ட் முடிந்து அடுத்த வரி வந்துவிட்டது என்றாலும், சரக்கு இன்னும் லாரியிலேயே இருக்கலாம். அந்த நேரத்தில் பென் டிரைவைப் பிடுங்கினால்? இங்கே அழித்தாகிவிட்டது, அங்கே போய்ச் சேரவில்லை. ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. ‘சிங்க்’ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது. அதை அடித்து, அது முடியும்வரை காத்திருந்தால் ரேமில் இருப்பதெல்லாம் டிஸ்க்குக்குப் போய்விடும்.

ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால், ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு ‘எம்வி’ போடவே கூடாது என்பது என் கட்சி. ‘சிபி’ போட்டு நகலெடுங்கள். பிறகு ‘டிஃப்’ என்ற கமாண்டோடு ‘மைனஸ் ஆர்’ சேர்த்து, பழைய ஃபோல்டரையும் புதிய ஃபோல்டரையும் ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது எதுவும் சொல்லாது. (அந்த மௌனம் நல்ல மௌனம்.) அதற்குப் பிறகு பழையதை அழிக்கலாம். மூன்று படி. நேரம் கூடத்தான் ஆகும்.

ஒரு ஸ்லாஷ் இல்லாததால்

பெயர் மோதல் வாட்ஸ்அப் படங்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். டிஜிட்டல் கேமராக்கள் பின்பற்றும் டிசிஎஃப் என்ற விதிமுறைப்படி, ஒரு படத்தின் பெயரில் முதல் நான்கு எழுத்து கேமரா நிறுவனத்தின் விருப்பம். அடுத்த நான்கு இலக்கம் 0001-லிருந்து 9999 வரை. அது தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. ஆக, ஒரே கேமரா வைத்திருப்பவருக்கே பத்தாயிரமாவது படத்திலிருந்து பெயர்கள் திரும்ப வர ஆரம்பிக்கும். ஒரே கம்பெனி கேமரா இரண்டு வைத்துக்கொண்டு முகூர்த்தத்தை ஒருவரும் பந்தியை ஒருவரும் எடுக்கிற கல்யாண போட்டோகிராஃபர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு மெமரி கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் யாருடைய தாலி கட்டும் படம் காணாமல் போகும் என்பது எண்களின் அதிர்ஷ்டம்.

இதைவிட விநோதமான இன்னொன்று இருக்கிறது. ‘எம்வி’யிடம் கடைசியாகச் சொல்லும் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தால், ஃபைல் அதற்குள் போகும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையென்றால், ‘ஓ, பெயர் மாற்றச் சொல்கிறார்போல’ என்று அதுவாக முடிவு செய்துகொள்ளும். இப்போது ஆயிரம் படங்களை ‘படங்கள்’ என்ற ஃபோல்டருக்கு ஒவ்வொன்றாக நகர்த்தும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள். ஃபோல்டரை உருவாக்க மறந்துவிட்டீர்கள். முதல் படம் ‘படங்கள்’ என்ற பெயருள்ள ஒற்றை ஃபைலாக மாறும். இரண்டாவது படம் அதன் மேல் உட்காரும். மூன்றாவது இரண்டாவதின் மேல். ஆயிரமும் முடியும்போது உங்களிடம் மிஞ்சுவது ஒரே ஒரு ஃபைல். அதில் ஆயிரமாவது படம். பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. ஏனென்றால், ஷெல்லின் கணக்கில் ஆயிரம் முறையும் நீங்கள் சொன்னதை அது சரியாகவே செய்திருக்கிறது.

இதைத் தடுக்க ஒரே ஒரு குறி போதும். போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷ் போடுங்கள். அதாவது, ‘இது ஃபோல்டர்தான், வேறு எதுவும் இல்லை’ என்று சொல்கிறீர்கள். ஃபோல்டர் இல்லையென்றால் கமாண்ட் மறுத்து நின்றுவிடும்.

நட்சத்திரக் குறியையும் சொல்லியாக வேண்டும். ‘ஸ்டார்’ என்றால் இங்கே இருக்கும் எல்லாம். பலரும் அதை ‘எம்வி’ புரிந்துகொள்கிறது என்று நினைக்கிறார்கள். கிடையாது. நீங்கள் என்டர் தட்டியதும், ஷெல்தான் அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஃபைல் பெயர்களை எல்லாம் அகரவரிசையில் நிரப்பி, ‘எம்வி’யிடம் கொடுக்கிறது. நட்சத்திரம் இருந்ததே அதற்குத் தெரியாது. இப்போது ஒரு ஃபோல்டரில் இரண்டே இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. நீங்கள் ‘எம்வி ஸ்டார்’ என்று அடித்து, எங்கே என்று சொல்வதற்குள் கை தவறி என்டரைத் தட்டிவிட்டீர்கள். ‘எம்வி’ பார்ப்பது: இரண்டு பெயர்கள். முதலாவதை இரண்டாவதாக மாற்று என்று அர்த்தம். இரண்டாவது ஃபைல் காலி. மூன்று ஃபைல்கள் இருந்திருந்தால் ‘கடைசியாகச் சொன்னது ஃபோல்டர் இல்லையே’ என்று முறைத்துக்கொண்டு நின்றிருக்கும்.

சந்தேகமாக இருந்தால் வரியின் முன்னால் ‘எக்கோ’ என்று சேர்த்து அடித்துப் பாருங்கள். ஷெல் நட்சத்திரத்தை விரித்து, என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் திரையில் காட்டும், எதையும் தொடாது. எனக்கு இது தெரியவந்தபோது, இதையல்லவா முதல் பாடமாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று கோபமே வந்தது.

பழக்கம் என்பது காரணம் ஆகுமா?

கோபத்துக்குக் காரணம் உண்டு. ‘இந்தப் பத்து கமாண்ட் தெரிந்தால் நீங்கள் ஹேக்கர்’ என்கிற பாணியில் முப்பது நொடி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பின்னணியில் பீட். அதில் ‘எம்வி’ வரும். மேலே எழுதிவிடும் என்ற எச்சரிக்கை வராது. நான் முதலில் கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு வீடியோவில்தான். மீடியா படித்தவள் என்பதால் சொல்கிறேன்: முப்பது நொடிக்குள் வேகத்தைக் காட்ட முடியும், இழப்பைக் காட்ட முடியாது. இழப்பு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

அதற்காக ஷெல்லே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் தலைமுறைக்கு, எனக்குப் பின்னால் வருபவர்களுக்கு இன்னும் அதிகமாக, ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே அந்நியமாகிக்கொண்டிருக்கிறது. போனில் எல்லாம் ‘கேலரி’யில் இருக்கிறது, ‘டவுன்லோட்ஸ்’-ல் இருக்கிறது, தேடினால் வந்துவிடும். 2021-ல் அமெரிக்காவின் ‘தி வெர்ஜ்’ தளத்தில் வந்த ஒரு கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது: அறிவியல் படிக்க வரும் கல்லூரி மாணவர்களுக்கு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற எண்ணமே புரியவில்லை என்று பேராசிரியர்கள் அதில் சொல்லியிருந்தார்கள். ஷெல் அந்த வரைபடத்தை மனதில் வரையவைக்கிறது. எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும் என்பது தெரியாமல் அதில் ஒரு வரிகூட அடிக்க முடியாது. ஐந்நூறு படங்களைத் தேதிவாரியாகப் பிரிக்க மவுஸோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, அதே வேலை ஒரே வரியில் முடிவதன் அருமை தெரியும். நம் ஊர் பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்திலேயே விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஆனால், கேட்காமல் மேலே எழுதுவது இயல்பு நிலையாகவே இருக்க வேண்டுமா? ‘எம்வி’யோடு ‘மைனஸ் ஐ’ சேர்த்தால், மோதல் வரும்போதெல்லாம் ‘மேலே எழுதட்டுமா?’ என்று கேட்கும். வசதி இருக்கிறது. ஆபத்து தெரிந்தவர்தான் அதைச் சேர்ப்பார். தெரியாதவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஹெல்மெட்டைக் கேட்பவருக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பதுபோல இருக்கிறது இது.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். ஐம்பது வருடமாக எழுதப்பட்ட எண்ணற்ற ஸ்கிரிப்ட்கள் ‘எம்வி’ கேள்வி கேட்காது என்பதை நம்பி இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், ‘எழுதட்டுமா?’ என்று கேட்டுக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றால் விடியும்போது சர்வர் படுத்திருக்கும். நியாயமான பேச்சு. ஆனால், கமாண்டையே மாற்ற வேண்டியதில்லையே. ‘ஏலியஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறது: நான் ‘எம்வி’ என்று அடித்தால் ‘எம்வி மைனஸ் ஐ’ என்று எடுத்துக்கொள் என ஷெல்லுக்குச் சொல்லி வைக்கலாம். இந்த ஏலியஸ், மனிதர்கள் உட்கார்ந்து அடிக்கும்போது மட்டும் வேலை செய்யும். பேஷ் ஷெல்லில் ஓடும் ஸ்கிரிப்ட்கள் வழக்கமாக அதைக் கண்டுகொள்ளாது. ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் ரூட் பயனருக்கு இந்த ஏற்பாடு ஏற்கெனவே போடப்பட்டுத்தான் வருகிறது. எல்லாம் தெரிந்த நிர்வாகிக்குக் கேள்வி கேட்கும் கமாண்ட். நேற்று லினக்ஸ் போட்ட மாணவருக்குக் கேட்காத கமாண்ட். தலைகீழாக இல்லையா இது? வீட்டுக் கணினிகளுக்கென்று வரும் லினக்ஸ்களாவது இதை எல்லோருக்கும் போட்டுத் தர வேண்டும்.

விண்டோஸ் பக்கம் பார்த்தால், கேட்பது முடியாத காரியம் இல்லை என்று தெரிகிறது. அங்கே பழைய கமாண்ட் ப்ராம்ப்டில் ‘மூவ்’ என்று அடித்தால் மோதும்போது கேட்கும். பேட்ச் ஃபைலில் இருந்தால் கேட்காது. மனிதருக்கு ஒரு மாதிரி, ஸ்கிரிப்டுக்கு ஒரு மாதிரி. பவர்ஷெல் இன்னும் கறார்: அதே பெயரில் ஃபைல் இருந்தால் முடியாது என்று மறுத்துவிடும், ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்துச் சொன்னால்தான் கேட்கும். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் பவர்ஷெல்லிலும் ‘எம்வி’ என்று அடிக்கலாம். அதே இரண்டு எழுத்து, வேறு குணம். அங்கே பழகிவிட்டு உபுண்டுவுக்கு வருபவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதை.

‘மைனஸ் ஐ’-க்கும் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 170 மோதல் வந்தால் 170 முறை கேட்கும். இருபதாவது கேள்விக்கு மேல் யாரும் படிக்க மாட்டோம். ‘ஒய், ஒய், ஒய்’ என்று தட்டிக்கொண்டே போவோம். அதனால் நிறைய ஃபைல்கள் இருக்கும்போது எனக்குப் பிடித்தது ‘மைனஸ் என்’. மோதாததை எல்லாம் நகர்த்தும். மோதுவதைத் தொடாமல் பழைய ஃபோல்டரிலேயே விட்டுவிடும். வேலை முடிந்ததும் பழைய ஃபோல்டரில் ‘எல்எஸ்’ அடித்துப் பார்த்தால், மிச்சம் கிடப்பதெல்லாம் பெயர் மோதியவை. லினக்ஸில் இன்னும் ஒரு வசதி: ‘பேக்கப்’ என்ற சொல்லுக்கு ‘நம்பர்டு’ என்ற மதிப்பைக் கொடுத்தால், மேலே எழுதுவதற்கு முன் பழைய ஃபைலுக்குக் கடைசியில் ஓர் எண் ஒட்டிப் பத்திரமாக வைத்துவிடும். மேக்கில் வரும் ‘எம்வி’யில் இது கிடையாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று அலுவலக நண்பர்கள் கேட்பதுண்டு. தாராளமாக. ஆனால் நகர்த்தும்போது இரண்டு விஷயங்கள் காலை வாரும்.

முதலாவது நீளம். உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 அமைப்பில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘கி’ என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ‘க’ ஒன்று, கொக்கி ஒன்று, ஆறு பைட். ஆக மொத்தம் 85 குறிகளோடு கதை முடிந்தது. செய்தித் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சீக்கிரமே தட்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு பைட் கணக்கில் பார்க்காமல் 255 குறிகள்வரை அனுமதிப்பதால், அங்கே நன்றாக இருந்த ஃபைல் உபுண்டுவுக்கு வரும்போது ‘பெயர் நீளம்’ என்று வெளியிலேயே நிறுத்தப்படும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத விஷயம். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு தனி, துணைக்கால் தனி என்று இரண்டாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு பெயர். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த ‘கொடைக்கானல்’ ஃபைலை லினக்ஸில் பெயரைத் தட்டச்சு செய்து நகர்த்தப் பார்த்தால், ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று வரும், கண்ணெதிரே இருந்தாலும். கொம்பில்லாமல் ‘க’ என்று மட்டும் அடித்து டேப் சாவியைத் தட்டுங்கள். டிஸ்க்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஷெல் நிரப்பிக்கொள்ளும்.

170 படங்களில் ஏறக்குறைய அறுபதை மாமா, அத்தை, பெரியப்பா வீட்டு போன்களிலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். லட்டு படம் அதில் இருக்கிறது; சித்திக்கு அனுப்பியாகிவிட்டது. அந்த அறுபதும் யார் போனிலிருந்து வந்தவை என்று பெயர் போட்டு, மூன்று தனி ஃபோல்டர்களில் கிடக்கின்றன. இன்னும் ஒன்றாகச் சேர்க்கவில்லை.